காலை ஆறரை மணி ஆட்டம்

சந்தாபுரா,
12.10.2025, ஞாயிறு.

அன்புள்ள மகள் சங்கமித்ராவுக்கு,

ஜெய்பீம். அப்பா எழுதும் கடிதம். வழக்கப்படி ‘நான் நலம்’ என்று முதல் வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். பிரஷர் மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன், பசித்தால் சாப்பிடுகிறேன். அதற்கு என்ன பெயரோ அதுவாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். தபால் ஆபீசில் கோவிந்தப்பாவும் அதையேதான் கேட்டார். கனடாவுக்குக் கடிதம் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்று விசாரிக்கப் போயிருந்தேன். மகளிடம் வீடியோ காலில் பேசினால் ஆகாதா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, இரண்டு வாரமாவது ஆகும் என்றார். பரவாயில்லை, அவசரம் இல்லை என்றேன். உண்மையில் அந்த இரண்டு வாரம் எனக்குத் தேவையாக இருக்கிறது. ஏன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

வாட்ஸ்அப்பில் நான் எது எழுதினாலும் நீ ‘ஓகே’ என்று போடுகிறாய். மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று எழுதினேன், ஓகே. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன், ஓகே. ஒருநாள் வேண்டுமென்றே ‘இன்று ஒன்றும் விசேஷம் இல்லை’ என்று எழுதிப் பார்த்தேன். அதற்கும் ஓகே. குறையாகச் சொல்லவில்லை, அம்மா. பதிலே போடாமல் இருக்கலாம், போடுகிறாய். ஆனால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு ஓகே என்று பதில் வந்தால் என்னால் தாங்க முடியாது. போனில் சொன்னால் பாதியில் நான் அழுதுவிடுவேன், இல்லை நீ வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில். நேராக அதற்குப் போக இப்போது தைரியம் இல்லை. வீட்டுச் சங்கதிகளைச் சொல்லிக்கொண்டே வருகிறேன், பொறுத்துக்கொள்.

பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. போன வாரம் சும்மா ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை போய், அதே வண்டியில் திரும்பி வந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் உன் பழைய கம்பெனிக் கட்டடம் மேலிருந்து நன்றாகத் தெரிகிறது. நம் பிளாக்கில் லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. அசோசியேஷன்காரர்கள் இன்று நாளை என்கிறார்கள். நான்கு மாடி ஏறி இறங்குவதால் முட்டி வலி, ஆனால் தொப்பை குறைந்திருக்கிறது. கீழ் வீட்டு ஜோசபின் ஞாயிறுதோறும் குழம்பு கொடுத்தனுப்புகிறாள். தங்கவயல்காரி என்பதால் காரம் நம் வீட்டுக் காரம்தான். சாப்பிடும்போது பேச்சே வராது. பேசவும் ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

உன் கேம் பெட்டியை எடுத்து நான் ஆடுகிறேன். இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு பேரும் இதுவரை இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, அதனால் ஒழுங்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ ஜூன் கடைசியில் திரும்பிப் போன பிறகு, மத்தியானங்கள்தான் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தன. காலையில் நடை, சமையல், துணி என்று ஓடிவிடும். சாயங்காலம் பூங்காவில் நாலு கிழங்கள் இருக்கும். ஒன்றரையிலிருந்து நாலு வரைக்கும் என்ன செய்வது? டிவியைப் போட்டால் எல்லாச் சேனலிலும் சண்டை. ஜூலையில் ஒருநாள் டிவிக்குக் கீழே தூசி துடைக்கும்போது உன் பெட்டியில் கை பட்டது. டிவி தானாக எரிந்தது. திரையில் உன் படம் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் படம். துடைக்கும் துணியோடு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரை மங்கியது. உன் முகம் போய்விடப் போகிறதே என்று கைக்கு வந்த பட்டனை அழுத்தினேன். அப்படித்தான் ஆரம்பித்தது. ஆட வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை.

முதலில் நீ வாங்கிவைத்த பெரிய ஆட்டம் ஒன்றைத் தொட்டேன். கத்தி, குதிரை, மலை எல்லாம் சினிமா மாதிரி இருந்தது. முக்கால் மணி நேரம் ஆளாளுக்குப் பேசினார்கள். எழுத்து எறும்பு அளவு. பேசி முடித்ததும் குதிரையை என் கையில் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் பள்ளத்தில் விழுந்து செத்தேன். எதிர் வீட்டு லாவண்யாவிடம் கேட்டேன், ஆம்பூர்ப் பெண், நீ இருந்தபோது அந்த வீடு காலியாகக் கிடந்தது. அந்த ஆட்டத்தை முடிக்க நூறு மணி நேரம் ஆகும் என்று சாதாரணமாகச் சொன்னாள். நூறு மணி நேரம் ஒரு குதிரையோடு நான் என்ன செய்வேன்?

பழைய ஆட்டங்களுக்கென்று அதிலே ஒரு தனி இடம் இருக்கிறது, அங்கிள் அதைப் பாருங்கள் என்று லாவண்யாதான் காட்டிக்கொடுத்தாள். முப்பது, முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தினவை. ஒன்றுகூட இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாது. எனக்கு அவை உடனே பிடித்துப்போயின. திரையில் ஆள் என்றால் பத்துப் பதினைந்து சின்னச் சதுரக் கட்டம், மரம் என்றால் இருபது கட்டம். கதை கிடையாது. இடது பக்கமிருந்து வலது பக்கம் போக வேண்டும், இல்லையென்றால் கீழேயிருந்து மேலே போக வேண்டும், அவ்வளவுதான். சோறு தின்றுவிட்டு உட்கார்ந்தால் டீ வைப்பதற்குள் ஆட்டம் முடிந்து, முடிந்தது என்று எழுத்தும் வந்துவிடும். இந்த வீட்டில் காலையில் தொடங்கி அன்றைக்கே முடிகிற காரியம் என்று எனக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்.

நீ சிரிப்பாய். முப்பத்திரண்டு வருஷம் லேத்தில் நின்றவன் நான். ஒரு நூல் தப்பினாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கைக்கு ஒரு சின்னக் குழியைத் தாண்ட வரவில்லை. கன்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு நானே குதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் அம்மாவும் ஆடும்போது, எதற்கு இப்படிக் கத்துகிறீர்கள், நியூஸ் பார்க்க விடுங்கள் என்று திட்டியிருக்கிறேன். இப்போது நானும் கத்துகிறேன். தடுக்க ஆள் இல்லை.

பால்காரன் ஆட்டம் நினைவிருக்கும். நீங்கள் இருவரும் ஆடினதுதான். தொப்பி போட்ட குட்டை ஆள், கையில் கேன், ஏழு மாடி ஏறிக் கடைசி வீட்டில் மணி அடித்துப் பால் ஊற்ற வேண்டும். அவனுக்கும் லிஃப்ட் கிடையாது, எனக்கும் கிடையாது, அதனால் அவனோடு ஒட்டிக்கொண்டேன். நாலு மாடி வரை சுலபம். ஐந்தாவது மாடியில் நாய் ஒன்று, மேலேயிருந்து விழும் பூந்தொட்டிகள் வேறு. பத்து வினாடி பின்னால் இழுத்துக்கொள்ள ஒரு பட்டன் இருக்கிறது, பழைய ஆட்டங்களுக்குப் புதிதாகப் போட்ட வசதியாம். நான் வெட்கமில்லாமல் அதை அழுத்துகிறவன். ஐந்தாவது மாடியில் அதுவும் உதவவில்லை. பத்து வினாடி பின்னால் போய்ப் பார்த்தால், தப்பு அதற்கும் முன்னாலேயே நடந்திருக்கும். ஒன்பது நாள் அங்கேயே கிடந்தேன்.

ஆகஸ்டில் ஒருநாள் விடியற்காலையிலேயே நல்ல மழை. நடைக்குப் போக முடியாமல் ஆறு மணிக்கே பெட்டியைப் போட்டேன். ஆறரைக்கு ஆட்டம் திடீரென்று நின்றது. இந்தக் கணக்கை வேறு ஒரு இடத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று திரையில் ஒரு வரி. நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்து ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினேன். மறுபடி ஆட்டம் வந்தது, இரண்டு நிமிஷத்தில் மறுபடி நின்றது. யாரோ திருடன் உன் கணக்குக்குள் நுழைந்துவிட்டான் என்று பதறிப்போய் லாவண்யா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவள் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தாள். திருடன் எல்லாம் இல்லை, இது உங்கள் மகளின் கணக்கு, அவர்களும் அங்கே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆட முடியாது, பிறகு தொடங்குகிறவருக்குத்தான் ஆட்டம், முன்னால் ஆடுகிறவருக்கு நின்றுவிடும் என்று விளக்கினாள். அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டேன். போனைப் பார்த்து, இரவு ஒன்பது என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். “அவங்களுக்குத் தொல்லையா இருந்தா ஒரே பட்டன்ல இந்தப் பெட்டியவே அவங்க கணக்குலருந்து வெளிய தள்ளிடலாம் அங்கிள். பண்ணல பாருங்க.”

அவள் போன பிறகு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் வொயிட்ஃபீல்டு பக்கம் வேலையில் இருந்தபோது தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் போய் வருவேன் அல்லவா, சாயங்காலம் ரயில் ஏறியதும் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். ஒருமுறை அடித்தால் வண்டி கிடைத்துவிட்டது, அரிசி போடலாம். இரண்டுமுறை அடித்தால் தாமதம், நீங்கள் சாப்பிடுங்கள். பேசவே மாட்டோம். அந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. ஆட்டம் நின்றால் நீ வேலை முடிந்து வீடு வந்து சேர்ந்துவிட்டாய், கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று அர்த்தம். இவ்வளவு நாளாக உன் ஓகேயில் எனக்குத் தெரியாத சமாச்சாரம் இது.

அன்றையிலிருந்து தினமும் ஆறேகால் மணிக்கு டீயோடு உட்கார்ந்துவிடுகிறேன். நீ வந்து என் ஆட்டம் நின்றால் டிவியை அணைத்துவிட்டு நடைக்குப் போவேன். சில நாள் நீ வரவில்லை. அந்த நாட்களில் ஏழு, ஏழரை வரை பார்த்துவிட்டு, நண்பர்களோடு வெளியே போயிருப்பாள், நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். செப்டம்பரில் ஒரு வாரம் நீ வரவே இல்லை. அந்த வாரம்தான் ‘உடம்பு சௌக்கியமா’ என்று நாலுமுறை மெசேஜ் போட்டேன். நாலுக்கும் ஓகே என்றாய். எட்டாம் நாள் ஆட்டம் நின்றபோது, வாயில் இருந்த டீயை விழுங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்தச் சம்பவம். ஒருநாள் மத்தியானம் பால்காரனைத் திறந்தால், அவன் ஆறாவது மாடி வாசலில் நின்றுகொண்டிருக்கிறான். முந்தின நாள் நான் விட்டுவிட்டுப் போனது ஐந்தாவது மாடியில், நாய்க்கு முன்னால். லாவண்யாவிடம் ஓடவில்லை. ஒரே கணக்கு என்றால் விட்ட இடமும் ஒன்றுதான் என்று எனக்கே புரிந்துவிட்டது. நீ அங்கே திறந்தபோது என் பால்காரன் ஒன்பது நாளாக ஒரே இடத்தில் அடிபட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லை. ஏற்றிவிட்டிருக்கிறாய்.

மித்ரா, எனக்கு அன்று எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. கீழே போய் ஜோசபினிடம், பாப்பா எனக்கு உதவி செய்தாள் என்று சொன்னேன். என்ன அனுப்பினாள் என்று கேட்டாள். நாயைத் தாண்டிவிட்டாள் என்றேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுக் காபி போட்டுக் கொடுத்தாள்.

இங்கே ஒரு சின்னத் திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆறாவது மாடி எனக்கு வரும். இரண்டாம் நாளே வந்துவிட்டது. ஆனால் தாண்டவில்லை. வேண்டுமென்றே விழுந்து, வேண்டுமென்றே அங்கேயே விட்டுவைத்தேன். நீ மறுபடி வருகிறாயா என்று பார்க்கத்தான். ஆறு நாள் கழித்துப் பால்காரனிடம் வந்தாய். ஏழாவது மாடிக்கு ஏற்றி, கடைசி வீட்டுக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மணியை அடிக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அடிக்கத் தெரியாமல் விட்டிருக்க மாட்டாய். அப்பா அடிக்கட்டும் என்று விட்டிருக்கிறாய்.

இன்றோடு ஐந்து நாள். அவன் அங்கேயேதான் நிற்கிறான். பால் திரிந்தே போயிருக்கும். எனக்கு விரலை வைக்க மனம் வரவில்லை. நீ இவ்வளவு செய்கிறாய், எப்படிப்பட்டவனுக்குச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறாய். தெரிந்த பிறகும் செய்வாயா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் உன் உதவியை வாங்கிக்கொள்வது உன்னை இன்னொருமுறை ஏமாற்றுவது.

இதோடு எழுந்து போய்விட்டேன். இப்போது மணி நாலரை. ஜோசபின் அனுப்பிய சாப்பாடு அப்படியே இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். அம்மாவின் கத்தரிப்பூ நிறக் காட்டன் புடவையை மடித்து உன் துணிகளுக்கு மேலே வைத்தாய். வந்த நாளிலிருந்து என்னிடம் ஒன்றும் கேட்காத நீ, அப்போது என் பக்கம் திரும்பாமலே கேட்டாய். “அம்மா ஒருவாட்டிகூட என்னக் கேக்கலியாப்பா?” நான் வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னேன். “அவதான் உங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டா. பாப்பா வர வேணாம், வேலையப் பாக்கட்டும்னா.” புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து, பீரோவில் பழைய இடத்திலேயே வைத்தாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எனக்கு வந்ததெல்லாம் ஓகேதான்.

நான் சொன்னது பொய். அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. வேண்டாம் என்றவன் நான்.

பிப்ரவரியில் டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்றே, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள், பாப்பாவுக்குச் சொல்லிவிடலாமா என்று. நீ அந்த வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடுவில் வந்தால் வேலை போகும், விசா என்ன ஆகுமோ, இரண்டு ஊசி போட்டதும் சரியாகிவிடும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றேன். முடி கொட்டியபோது வீடியோ காலில் தெரியாமல் இருக்கக் கம்பளிக் குல்லாயை மாட்டிவிட்டதும் நான்தான். மே மாதத்தில் குல்லாயா, பெங்களூரு என்ன ஊட்டியா என்று நீ கிண்டல் செய்தாய். அவள் சிரித்தாள். கால் முடிந்ததும் குல்லாயைக் கழற்றி என் மேல் வீசினாள். உங்கள் அம்மா என்னிடம் கோபித்துக்கொண்டு நான் பார்த்தது அதுதான் கடைசி.

இன்னொருநாள், வீட்டில் இருந்தபோது, கேம் பெட்டியைப் போடச் சொன்னாள். எனக்குத் தெரியாது என்றேன். பாப்பாவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், அவள் சொல்லிக்கொடுப்பாள் என்றாள். ஆட்டம் ஆட அவளுக்குக் கையில் தெம்பு ஏது? உன்னோடு பேச, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட அவள் ஒரு வழி தேடினாள். நான் அதையும் புரிந்துகொண்டு, நாளைக்குக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெட்டியைத்தான் இன்று நான் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் பதினான்கு, சனிக்கிழமை. வார்டில் காலை டீ கொண்டுவந்த நேரம். அம்மா கண்ணைத் திறந்து, “அங்க இப்ப மணி என்னா?” என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். “நடு ராத்திரி, பாப்பா தூங்கிட்டிருப்பா,” என்றேன். எண்ணிப் பார்க்காமல் சொன்னேன். போன் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மணி நேரம் கழித்துப் போய்விட்டாள்.

வார்டில் டீ வருவது ஆறரைக்கு. லாவண்யா அன்று போனைப் பார்த்து இரவு ஒன்பது என்று சொன்னபோது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் மழைக் குளிர் என்று நினைத்தாள். அம்மா மணி கேட்டபோது நீ விழித்துக்கொண்டுதான் இருந்திருப்பாய். எடுத்திருப்பாய். இதைத் தெரிந்துகொண்டுதான் தினமும் அதே நேரத்துக்கு அந்தப் பெட்டி முன்னால் போய் உட்காருகிறேன். நீ இருக்கிறாயா என்று பார்க்கிறேன். இருக்கிறாய், பெரும்பாலான நாள் இருக்கிறாய்.

உன் வேலைக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதியையும் எழுதுகிறேன். நீ விமானம் ஏறி வந்துவிட்டால், அவள் பிழைக்க மாட்டாள் என்று ஆகிவிடும். அவளுக்கும் தெரிந்துவிடும், எனக்கும் தெரிந்துவிடும். நீ வராத வரைக்கும் சாதாரணக் காய்ச்சல் மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் பயத்துக்காக உங்கள் இரண்டு பேரையும் பிரித்துவைத்தேன். அது போதாதென்று, பழியைப் பேச முடியாதவள் மேல் போட்டேன். நீ கேட்ட அந்த ஒரு நிமிஷத்தில், நீயும் என்னை விட்டுப் போய்விடுவாயோ என்ற பயத்தில் வந்த பொய் அது. பொய் சொல்லியும் நீ போய்விட்டாய்.

மன்னித்துவிடு என்று எழுதப் போவதில்லை. அதைக் கேட்கும் தைரியம் இந்தக் காகிதத்துக்கு வரவில்லை. இது உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்றார் கோவிந்தப்பா. அதுவரை நான் எப்போதும் போலக் காலையில் உட்காருவேன். அந்த இரண்டு வாரத்தை மட்டும் உன்னிடம் சொல்லாமல் எடுத்துக்கொள்கிறேன். படித்த பிறகு அந்த ஒரே பட்டனை அழுத்திவிட வேண்டும் என்று தோன்றினால் அழுத்திவிடு. திரையில் உன் படம் வராது, எனக்குப் புரிந்துவிடும். ஏன் என்று மெசேஜ் போட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். மத்தியானத்துக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், அம்மா. என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வை, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வை. அவள் மேல் இருப்பதை இன்றோடு எடுத்துவிடு. அவள் உன்னை வேண்டாம் என்று சொன்னவள் இல்லை. பிப்ரவரியிலிருந்து உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தவள். எனக்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. நாலு மாதமாக அம்மாவிடம் பேசாமல் இருக்கிறாய், அவளோடு ஒருமுறை பேசு. அவள் காத்துக்கொண்டிருப்பாள்.

குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை வரவிடாத அப்பா,
ஜெயவேலு.